அதிகம் விற்கும் வண்டிக்குத்தான் விசுவாசிகள் அதிகமா?

கேள்வி:
மாதாமாதம் மோட்டார் சைக்கிள் விற்பனைக் கணக்கு வருகிறது. முதல் இடத்தில் இருக்கும் கம்பெனியைத்தான் மக்கள் அதிகம் நம்புகிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம் இல்லையா? வாடிக்கையாளர் விசுவாசத்துக்கு விற்பனைதானே அளவுகோல்? அது இல்லையென்றால் வேறு எதை வைத்து அளப்பது?

ஜூன் 3

இல்லை. முதலில் அந்தக் கணக்கு எதை எண்ணுகிறது என்று பாருங்கள். கம்பெனிகள் வெளியிடுவது பெரும்பாலும் ஆலையிலிருந்து டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. டீலர் குடோனில் தூசி படிந்து நிற்பதும் அதில் விற்ற வண்டிதான். ஆர்.டி.ஓ.வில் பதிவான வண்டிகளை மட்டும் எண்ணினால் கொஞ்சம் தெளிவு கிடைக்கும். ஆனால் அங்கேயும் முதல்முறை வண்டி எடுக்கும் பையனும், அப்பா காலத்திலிருந்து அதே கம்பெனியைத் தவிர வேறு எதையும் திரும்பிப் பார்க்காத மனிதரும் ஆளுக்கு ஒரு வண்டிதான்.

விசுவாசம் இரண்டாவது வண்டியில்தான் தெரியும். முதல் வண்டியைக் கையில் இருக்கும் காசும் தவணையும் வீட்டுப் பெரியவர்களும் சேர்ந்து முடிவு செய்கிறார்கள். இரண்டாவதை முதல் வண்டி முடிவு செய்கிறது.

ஜூன் 3, இரவு

விற்பனையை அடித்துப் பிடித்து ஏற்றிவிடலாம் என்பதற்கு ஜப்பானிலேயே உதாரணம் இருக்கிறது. 1980களின் தொடக்கத்தில் ஹோண்டாவை முந்தியே தீருவேன் என்று யமஹா இறங்கியது. பதிலுக்கு ஹோண்டா ஒன்றரை வருடத்துக்குள் நூற்றுக்கும் மேற்பட்ட புது மாடல்களையும் மாற்றங்களையும் சந்தையில் கொட்டியது. விலையையும் வெட்டினார்கள். 1983இல் யமஹா கையைத் தூக்கிவிட்டது. அதற்குள் விற்காத வண்டிகள் குவிந்து கிடந்தன. அந்த இரண்டு வருடம் வண்டி வாங்கிய ஆளிடம் பிராண்டு பற்றிக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? எது புதுசு, எது மலிவு என்றுதான் பார்த்திருப்பார். அப்போது கணக்கில் ஏறிய எண்ணை நான் விசுவாசமாக எண்ண மாட்டேன்.

ஜூன் 5

சரி, அப்படியென்றால் பழுதாகாத வண்டிக்குத்தான் விசுவாசம் கிடைக்கும் என்று தோன்றும். எனக்கும் ரொம்ப நாள் அந்த நினைப்பு இருந்தது. அதை அசைத்துப் பார்த்தது அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பு 2015இல் வெளியிட்ட ஆய்வு. வண்டி வைத்திருப்பவர்களிடமே கேட்டு எடுத்தது. நான்கு வருடத்துக்குள் பழுதாகும் வாய்ப்பு யமஹாவுக்கு 11 சதவீதம், சுஸுகிக்கும் ஹோண்டாவுக்கும் 12, காவாசாகிக்கு 15. ஹார்லி டேவிட்சனுக்கு 26. டுகாட்டிக்கு 33, பி.எம்.டபிள்யூவுக்கு 40.

அதே ஆட்களிடம் இன்னொரு கேள்வியும் கேட்டார்கள்: மறுபடி வாங்குவதாக இருந்தால் இதே வண்டியை வாங்குவீர்களா? நியாயமாகப் பார்த்தால் யமஹா முதலில் வந்திருக்க வேண்டும். வரவில்லை. முதலில் வந்தது விக்டரி, 80 சதவீதம். அடுத்து ஹார்லி, 72. ஹோண்டா 70. யமஹாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் பழுதாகும் ஹார்லியை, அந்தப் பழுதுக்குக் காசு செலவழித்த ஆளே, இதையே மறுபடி வாங்குவேன் என்கிறார்.

விக்டரி என்ன ஆனது தெரியுமா? போலாரிஸ் கம்பெனி 1998இல் கொண்டுவந்த பிராண்டு அது. 2017 ஜனவரியில் போலாரிஸே அதை மூடிவிட்டது. 2011இல் வாங்கிப் போட்ட இந்தியன் என்ற பழைய பேர் நன்றாகப் போனதால் கவனத்தை அங்கே திருப்பினார்கள். மறுபடி வாங்குவோம் என்று எல்லோரையும்விட உறுதியாகச் சொன்ன கூட்டம் எதைச் சுற்றி இருந்ததோ, அந்தப் பிராண்டு இரண்டே வருடத்தில் காணாமல் போனது. கேள்வி கேட்டவர் இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டால் போதும். சிறிய கூட்டம் எவ்வளவு ஆழமாக நேசித்தாலும், ஆலையை ஓட்ட எண்ணிக்கை வேண்டும்.

ஜூன் 6

மேலே சொன்னதற்கு ஒரு வரம்பு உண்டு. அமெரிக்காவில் பலருக்கு மோட்டார் சைக்கிள் என்பது வார இறுதி சந்தோஷம். வேலைக்குப் போக வீட்டில் கார் நிற்கிறது. வண்டி மக்கர் செய்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், அவ்வளவுதான். பால் கேனைக் கட்டிக்கொண்டு விடியற்காலையில் கிளம்புகிறவருக்கு வண்டி நின்றால் அன்றைய வருமானம் போய்விடும். அவர் பார்வையில் பழுதாகாமல் இருப்பதுதான் முதல் அழகு. அதனால் அந்த ஆய்வை எல்லா ஊருக்கும் அப்படியே பொருத்தக் கூடாது. அதை நான் கொண்டுவந்தது, பழுதும் விசுவாசமும் நேர்க்கோட்டில் போவதில்லை என்று காட்டுவதற்கு மட்டும்தான்.

ஜூன் 9

சித்தப்பாவிடம் யமஹா ஆர்.எக்ஸ்.100 இருந்தது. இப்போதும் இருக்கிறது. 98 சி.சி., டூ ஸ்ட்ரோக், 11 குதிரைத்திறன். காகிதத்தில் சாதாரணமாகத் தெரியும், ஆக்ஸிலேட்டரைத் திருகினால்தான் அருமை புரியும். வாரத்துக்கு ஒருமுறை பிளக்கைக் கழற்றுவார். முனையில் அப்பியிருக்கும் கரியை வயர் பிரஷ்ஷால் தேய்ப்பார், வாயால் ஊதுவார், வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி இடைவெளியைப் பார்ப்பார். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் திருப்தி. கருப்பாக ஈரமாக இருந்தால் கார்புரேட்டர் ஸ்குரூவைக் கால் சுற்று திருப்பி, மறுபடி ஓட்டிவிட்டு வந்து பார்ப்பார்.

அவரைவிட யமஹா பைத்தியம் ஒருவரை நான் பார்த்ததில்லை. ஆனால் கம்பெனிக்கு அவரால் என்ன லாபம்? ஆர்.எக்ஸ்.100 1985இல் வந்து 1996இல் நின்றுவிட்டது. அதற்குப் பிறகு அவர் புது யமஹா வாங்கவே இல்லை. வேறு எதுவும் வாங்கவில்லை என்பதும் உண்மை. பிஸ்டன், ரிங், பழைய டேங்க் எல்லாம் உடைத்து விற்கும் வண்டிகளிலிருந்து தேடி எடுத்தவை. அவர் விசுவாசம் முழுக்க உண்மையானது, ஆனால் ஒரு விற்பனைக் கணக்கிலும் அதற்கு இடமில்லை.

ஆகவே கேள்வியின் இரண்டாவது பாதிக்கு, அதாவது எதை வைத்து அளப்பது என்பதற்கு, என் முதல் பதில்: செகண்ட் ஹேண்ட் சந்தையைப் பாருங்கள். புது வண்டிக்கு விளம்பரம் உண்டு, தவணை உண்டு, பண்டிகைத் தள்ளுபடி உண்டு. பழைய வண்டிக்கு இவை எதுவும் கிடையாது. ஒரு பழைய வண்டியைத் தேடிப் பிடித்து நல்ல விலை கொடுத்து வாங்குகிறான் என்றால் அது நூற்றுக்கு நூறு அந்த வண்டியின் மேல் வைத்த நம்பிக்கை. அது புது வண்டி விற்பனைக்கும் திரும்பி வரும். நாளைக்கு விற்றாலும் விலை போகும் என்ற தைரியம் இருந்தால்தான் பலர் இன்றைக்கே ஷோரூமுக்குள் நுழைகிறார்கள்.

ஜூன் 12

பிராண்டு விசுவாசம் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடிக்க யாராவது ஒரு சோதனை வைக்க நினைத்தால் ஹீரோ ஹோண்டா பிரிவினையைவிட நல்ல சோதனை அமையாது.

1984இல் நம்மூர் ஹீரோவும் ஜப்பான் ஹோண்டாவும் கூட்டு, 1985இல் சி.டி.100 வண்டி. பெட்ரோல் போடு, மூடு, மறந்துவிடு என்றுதான் விளம்பரமே. 1994இல் ஸ்ப்ளெண்டர். அதற்குள்ளும் அதே 97.2 சி.சி. இன்ஜின் வம்சம். 2010 டிசம்பரில் பிரிவது என்று முடிவானது. ஹோண்டா தன்னிடம் இருந்த 26 சதவீதப் பங்கை ஹீரோவின் சொந்தக்காரர்களான முஞ்சால் குடும்பத்திடம் கொடுத்துவிட்டு விலகியது. 2011இல் கம்பெனி பேர் ஹீரோ மோட்டோகார்ப் ஆனது, டேங்கில் இருந்த ஹோண்டா என்ற எழுத்து போய்விட்டது. அந்த இன்ஜின் ஹோண்டாவுடையது என்பது எல்லோருக்கும் தெரியும். ஹோண்டாவோ ஏற்கனவே தனியாக ஆக்டிவா விற்றுக்கொண்டு, பக்கத்திலேயே கடை திறந்து உட்கார்ந்திருந்தது. ஹோண்டா பேர் போனால் ஹீரோ கதை முடிந்தது என்று அப்போது பேசாத டீக்கடை இல்லை.

முடியவில்லை. ஸ்ப்ளெண்டர் விற்றுக்கொண்டே இருந்தது. 2021 ஜனவரியில் ஹீரோ தன் பத்துக் கோடியாவது வண்டியை வெளியே விட்டது. ஹோண்டாவும் வளர்ந்தது, ஆனால் அந்த வளர்ச்சியைத் தூக்கிப் பிடித்தது ஸ்கூட்டர். ஸ்ப்ளெண்டர்காரர் கூட்டமாகக் கிளம்பி ஹோண்டா மோட்டார் சைக்கிளுக்குப் போகவில்லை.

ஏன் போக வேண்டும்? அவர் பார்வையில் என்ன மாறியது? இன்ஜின் அதே சத்தம். அதே டீலர், அதே படி, அதே மேஜைக்குப் பின்னால் அதே ஆள். முக்கியமாக, இருட்டில் கொடுத்தாலும் கை வைத்த இடத்தில் போல்ட் இருக்கும் என்று தெரிந்த மெக்கானிக் அதே மெக்கானிக். கிளட்ச் கேபிள் அறுந்தால் எந்தக் குக்கிராமத்துக் கடையிலும் கிடைக்கும். மாறியது ஒரு ஸ்டிக்கர்தான்.

ஜூன் 12, கொஞ்ச நேரம் கழித்து

அதாவது மாடல் மேல்தான் விசுவாசம், கம்பெனி மேல் இல்லை என்று எழுதி வைக்கலாமா என்று யோசித்தேன். அதுவும் முழுசாகச் சரிவரவில்லை. டி.வி.எஸ். இருக்கிறது. கூட்டாக வண்டி செய்துகொண்டிருந்த சுஸுகியும் டி.வி.எஸ்.ஸும் 2001இல் பிரிந்தன. அங்கே டி.வி.எஸ். பழைய மாடலைப் பிடித்துக்கொண்டு தப்பிக்கவில்லை, விக்டர் என்று சொந்தமாகப் புதிதாக ஒன்றைச் செய்து இறக்கியது, மக்கள் வாங்கினார்கள். சுஸுகி 2006இல் தனியாகத் திரும்பி வந்து ஹீட், ஜீயஸ் என்று இரண்டு வண்டி கொண்டுவந்தது, இரண்டுமே எடுபடவில்லை. உலகமெங்கும் பேர்பெற்ற கம்பெனி, நல்ல இன்ஜின், எல்லாம் இருந்தும் பூஜ்யத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.

இரண்டு பிரிவினையிலும் பொதுவாக எது வென்றது? ஷோரூமும் ஸ்பேரும் மெக்கானிக்கும் யார் பக்கம் இருந்தார்களோ அந்தப் பக்கம் வென்றது. வண்டி கெட்டால் போய் நிற்க ஒரு இடம். இப்போதைக்கு என் பதில் அதுதான்.

ஜூன் 15

ராயல் என்ஃபீல்டு புல்லட்டைப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது.

பழைய வார்ப்பிரும்பு இன்ஜின் புல்லட்டைக் கிளப்பத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்கு: ஹேண்டிலில் இடது பக்கம், சிலிண்டருக்குள் இருக்கும் அழுத்தத்தை வெளியே விட, டீகம்ப்ரஷன் லீவர் என்று ஒன்று இருக்கும். அதை அழுத்திக்கொண்டு கிக்கரை மெதுவாக, சும்மா தடவுவது போல இறக்க வேண்டும். கண் மின்னோட்டம் காட்டும் அம்மீட்டர் முள் மேல் இருக்க வேண்டும். முள் நடுவில் வந்து நின்றதும் லீவரை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பு எடை மொத்தத்தையும் போட்டு ஒரே உதை. பதமாக உதைத்தால் ஒரே அடியில் பிடிக்கும். அவசரப்பட்டால் கிக்கர் திருப்பி அடிக்கும், கணுக்கால் ஒரு வாரத்துக்கு ஞாபகம் வைத்திருக்கும். கியர் வலது காலில், பிரேக் இடது காலில்.

இப்படிக் கற்றுக்கொண்டவனால் அந்த வண்டியை விட முடியாது. கஷ்டப்பட்டுப் பழகிய கை கால் அது. தம்பி வந்து கேட்டால் கிளப்பிக் காட்ட வேண்டும், அவனால் முடியாமல் போக வேண்டும், மறுபடி நாம் கிளப்ப வேண்டும். அதில் ஒரு பெருமை.

ஆனால் விற்பனை? 1955இல் சென்னையில் தொடங்கி, திருவொற்றியூர் ஆலையில் வருடக்கணக்காக அதையே செய்துகொண்டிருந்தார்கள். விசுவாசிகள் கூட்டம் சின்னது, சத்தம் பெரியது. 2000 வாக்கில் அதன் உரிமையாளரான ஐஷர் கம்பெனி ராயல் என்ஃபீல்டை விற்றுவிடலாமா, மூடிவிடலாமா என்று யோசிக்கும் நிலை. ஐஷர் குடும்பத்து வாரிசான சித்தார்த் லால் பொறுப்பெடுத்த பிறகு கியர் இடது காலுக்கு வந்தது, பட்டன் ஸ்டார்ட் வந்தது, வார்ப்பிரும்பு இன்ஜின் போய் புது இன்ஜின் வந்தது. ஒவ்வொன்றுக்கும் பழைய ஆட்கள் குதித்தார்கள். எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், பட்டனை அழுத்திக் கிளப்புவது புல்லட்டே இல்லை என்று சொல்லிப் பேச்சையே நிறுத்திக்கொண்டார். 2009இல் கிளாஸிக் 350 என்ற புது மாடல் வந்தது. 2024-25 நிதியாண்டில் ராயல் என்ஃபீல்டு பத்து லட்சம் வண்டிகளைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பாலோர் அம்மீட்டர் முள்ளைப் பார்த்தே இருக்க மாட்டார்கள்.

என் கணிப்பு இது. பழைய விசுவாசிகள் பேச்சைக் கேட்டிருந்தால் கம்பெனி இன்றைக்கு இருந்திருக்காது. ஆனால் அந்த விசுவாசிகள் இல்லாமல் இருந்திருந்தால் கிளாஸிக் 350க்கு ஒரு மவுசும் வந்திருக்காது. புதிதாக வாங்கியவன் வாங்கியதே அந்தப் பெரியவரின் பெருமையில் ஒரு பங்கைத்தான். அவர் புது வண்டி வாங்கவில்லை, ஆனால் அவர் தெருவில் போனதைப் பார்த்து வளர்ந்த பத்துப் பேர் வாங்கினார்கள். ஜூன் 9இல் சித்தப்பாவால் கம்பெனிக்கு என்ன லாபம் என்று கேட்டேனே, அதற்கும் இது பதில். யமஹா அந்த லாபத்தை வசூலிக்க வரவில்லை. அந்த மாதிரி ஒரு வண்டியை நான்கு ஸ்ட்ரோக்கில், அதே எடை, அதே துள்ளலோடு அப்போதே செய்திருந்தால் வாங்க ஒரு தலைமுறையே காத்திருந்தது.

ஜூன் 20

ஹார்லி கதை இதற்கு நேர் எதிர்ப்பக்கம் போகிறது.

1969இல் ஏ.எம்.எஃப். என்ற கம்பெனி ஹார்லியை வாங்கியது. எழுபதுகளில் தரம் சரிந்தது, ஆயில் ஒழுகியது. 1981இல் 13 நிர்வாகிகள் சேர்ந்து கடன் வாங்கிக் கம்பெனியை மீட்டார்கள். 1983இல் அமெரிக்க அரசு 700 சி.சி.க்கு மேற்பட்ட இறக்குமதி வண்டிகளுக்கு வரியை 45 சதவீதப் புள்ளி ஏற்றி ஐந்து வருடத்துக்கு மூச்சு விட இடம் கொடுத்தது. வரிக்காலம் முடியும் முன்பே, 1987இல், இனி வேண்டாம் என்று ஹார்லியே சொல்லிவிட்டது. இடையில் இன்ஜினைத் திருத்தினார்கள். 1983இலேயே ஹார்லி ஓனர்ஸ் குரூப் என்று உரிமையாளர்களை ஒன்றாகக் கூட்டினார்கள். பழுதான வண்டியைச் சேர்ந்து சரிபார்த்த ஆட்கள், சேர்ந்து பயணம் போன ஆட்கள் என்று ஒரு சொந்தபந்தமே உருவானது. 2015 ஆய்வில் 26 சதவீதப் பழுதும் 72 சதவீதத் திருப்தியும் ஒரே இடத்தில் இருப்பது இதனால்தான். அந்த 72 பேர் சொன்னது இன்ஜினைப் பற்றி மட்டும் இல்லை, கூடப் போகிறவர்களைப் பற்றியும்தான்.

2006இல் ஹார்லி சுமார் 3,49,000 வண்டிகள் அனுப்பியது. 2024இல் சுமார் ஒன்றரை லட்சம். விசுவாசிகள் கட்சி மாறிப் போய்விட்டார்கள் என்று நான் நம்பவில்லை. அவர்களுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். அப்பாவும் அவர் நண்பர்களும் நிறைந்திருக்கும் கூட்டத்தில் மகன் சேர விரும்புவதில்லை. புல்லட் பட்டன் ஸ்டார்ட் கொடுத்துப் பேரனை உள்ளே இழுத்தது. ஹார்லி தாத்தாவுக்குப் பிடித்ததையே இன்னும் பளபளப்பாகச் செய்துகொண்டிருந்தது.

ஜூன் 21

என் சொந்தக் கதை ஒன்று, கம்பெனி பேர் வேண்டாம். நல்ல வண்டி. ஓட்ட அவ்வளவு சுகம். பின் சக்கரத்து ஏ.பி.எஸ். சென்சார் போய்விட்டது. வாரண்டி இருக்கிறது, சர்வீஸ் சென்டர் மரியாதையாகத்தான் பேசியது, ஆனால் ஸ்பேர் வரவில்லை. ஆர்டர் போட்டிருக்கிறோம் சார், மேலிடத்திலிருந்து வரணும் சார். மாதம் திரும்பியும் அதே பதில். அம்பர் நிறத்தில் அந்த விளக்கு மீட்டரில் எரிந்துகொண்டே இருக்கும். ஓட்டும்போது ரோட்டைப் பார்ப்பதைவிட அதைத்தான் அதிகம் பார்த்தேன்.

அந்த வண்டியைக் கொடுத்துவிட்டேன். அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு எவ்வளவோ நல்ல மாடல் போட்டிருக்கிறது, படத்தைப் பார்த்தால் இப்போதும் கண் அங்கேதான் நிற்கிறது. ஷோரூம் பக்கம் கால் போகவில்லை. அடுத்த வண்டியை எடுக்கும் முன் மெக்கானிக் அண்ணனிடம் கேட்டேன். அவர் மைலேஜ் பேசவில்லை, பிக்கப் பேசவில்லை. "இதுக்கு சாமான் கிடைக்கும் தம்பி" என்றார். அன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 27

மூடிப்போன பிராண்டின் பேரை மறுபடி கொண்டுவந்தால் விசுவாசமும் திரும்பி வருமா என்று இன்னொருவர் கேட்டிருந்ததால் சுருக்கமாக.

ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களைச் செய்த மைசூர் ஐடியல் ஜாவா ஆலை 1996இல் மூடியது. கிக்கரையே முன்னால் தள்ளிக் கியர் லீவராகப் பயன்படுத்தும் அந்த வண்டிகளை வைத்திருந்தவர்கள், ஆலை இல்லாத காலத்திலும் வருடந்தோறும் ஜூலை இரண்டாம் ஞாயிறு ஜாவா தினம் என்று கூடினார்கள். இதைவிடப் பெரிய விசுவாசம் எங்கே பார்ப்பது? 2018இல் ஜாவா திரும்பி வந்தது, பின்னால் யெஸ்டியும். முன்பதிவு அலைமோதியது, வண்டி கைக்கு வர மாதக்கணக்கில் ஆனது. இன்றுவரை அவர்களால் ராயல் என்ஃபீல்டை நெருங்க முடியவில்லை. ஏக்கம் ஒரு வண்டியை விற்றுக் கொடுக்கும். இரண்டாவதை அது விற்றுக் கொடுக்காது.

இங்கிலாந்தின் டிரையம்ப் வேறு மாதிரி செய்தது. 1969இல் ஹோண்டா சி.பி.750 நான்கு சிலிண்டர், டிஸ்க் பிரேக், பட்டன் ஸ்டார்ட்டோடு வந்தபோது டிரையம்ப்பின் பேர்பெற்ற மாடலான பானவில் இன்னும் கிக்கரில்தான் இருந்தது. டிரையம்ப்பின் மெரிடன் ஆலை 1983இல் முடிந்தது. பேரை வாங்கிய தொழிலதிபர் ஜான் புளூர் உடனே பானவிலைக் கொண்டுவந்துவிடவில்லை. 1990களில் ஹின்க்லி என்ற இடத்தில் புது ஆலை, முழுக்கப் புது இன்ஜின்கள், ஆயில் ஒழுகாத வண்டிகள். நம்பிக்கை வந்த பிறகுதான், 2001இல், பானவில் என்ற பழைய பேர் மறுபடி டேங்கில் ஏறியது. அந்தப் பத்து வருடப் பொறுமைதான் எனக்கு அதில் பிடித்தது.

ஜூலை 2

எலக்ட்ரிக் வண்டிக்கு இதெல்லாம் பொருந்துமா என்று மச்சான் கேட்டான்.

ஹார்லி தன் எலக்ட்ரிக் வண்டியான லைவ்வயரை 2019இல் கொண்டுவந்தது, பிறகு அதையே தனிப் பிராண்டாகப் பிரித்தது. 2023, 2024 இரண்டு வருடத்திலும் ஆயிரம் மோட்டார் சைக்கிள்கூடப் போகவில்லை. விலை ஒரு காரணம். சத்தமும் கூட்டமும் சேர்ந்து கட்டிய விசுவாசம், சத்தமில்லாத வண்டியோடு சேர்ந்து வராது என்பது இன்னொரு காரணம் என்று நினைக்கிறேன்.

அன்றாட ஓட்டத்துக்கான எலக்ட்ரிக் ஸ்கூட்டர்களில் எனக்குக் கவலை வேறு இடத்தில். பிளக் இல்லை, கேபிள் குறைவு, ஆயில் இல்லை, எல்லாம் நல்லதுதான். ஆனால் திரையில் ஏதோ எர்ரர் என்று வந்து வண்டி நின்றால் மெக்கானிக் அண்ணன் கையைக் கட்டிக்கொண்டுதான் நிற்க வேண்டும். கம்பெனி லேப்டாப் இல்லாமல் அவரால் உள்ளே எட்டிப் பார்க்க முடியாது. இதுவரை கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் அவர் நின்றுகொண்டிருந்தார். கம்பெனி செய்யும் தவறுகளில் பாதியை அவர் தன் ஸ்பேனரால் மூடிவிடுவார், நாமும் வண்டி நல்ல வண்டி என்று அடுத்ததையும் அதிலேயே எடுப்போம். கம்பெனிகள் தங்கள் விளம்பரத்தால் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்த விசுவாசத்தில் எவ்வளவு அவர் சம்பாதித்துக் கொடுத்தது என்பது இந்த வண்டிகளுக்கு இரண்டாவது தடவை ஆட்கள் வரும்போது தெரிந்துவிடும்.

மச்சானிடம் சொன்னது: எந்த எலக்ட்ரிக் வண்டி எடுத்தாலும் சரி, ஷோரூமில் டெஸ்ட் ரைடு கேட்பதற்கு முன் சர்வீஸ் பக்கம் போய், எத்தனை வண்டி எவ்வளவு நாளாக எந்த சாமானுக்காக நிற்கிறது என்று கேட்டுவிட்டு வா.